விதை மாமா

ஓய்வு பெற்ற மறுநாளே மொட்டை மாடியைக் கைப்பற்றிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் அது கொஞ்சம் அதிகம். அம்மா மண்டபத்தில் முழுக்கு, பெருமாள் சேவை, ஒரு டம்ளர் காபி எல்லாம் எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. மீதிப் பகலை என்ன செய்வது? விதை போடுவார்கள்.

எங்கள் மாடி வீட்டு விதை மாமா, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர். காந்தி மார்க்கெட்டில் சில்லறைக் காசுக்குக் கட்டாகக் கிடைக்கிற கொத்தமல்லியை நாற்பது நாள் பாடுபட்டு வளர்ப்பார். எட்டு இலை கிள்ளி ரசத்தில் போட்டு, "வாசனையைப் பார்த்தேளா?" என்பார். நமக்குப் பெருங்காய வாசனைதான் வரும். இருந்தாலும் பார்த்தேன் என்று சொல்லிவிடுவது நல்லது. நாற்று வாங்கி நடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஓட்டல் சாம்பாரை வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறவர்கள் என்பார்.

போன சித்திரையில் பெங்களூர்ப் பேத்தி தன் பூனையோடு விடுமுறைக்கு வந்தாள். பூனைக்குக் கேட்னிப் என்ற செடி பிடிக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. கடுகைவிடச் சிறிசாக, காபிப்பொடி நிறத்தில் நூறு விதை.

மாமா படியிறங்கி வந்து எனக்குப் பாடம் எடுத்தார். புதினா குடும்பம், தண்டு சதுரமாக இருக்கும். இலையில் நெபெட்டலாக்டோன் என்று ஒரு சரக்கு. முகர்ந்தால் மூன்றில் இரண்டு பூனைக்குப் பத்து நிமிஷம் தலைகால் புரியாது. மீதி ஒன்றுக்கு ஒன்றுமே ஆகாது, அது பரம்பரை வாகு. சிங்கம், சிறுத்தைகூட மயங்கும். அந்த எண்ணெய் கொசுவை விரட்டும் என்று 2001இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சொல்லியிருக்கிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கிற எனக்கு இந்தக் கடைசி விஷயம் மட்டும் உடனே பிடித்துப்போயிற்று.

விதைப்பு ஒரு வைபவம். ஓடு கடினம் என்று உப்புத்தாளில் தேய்த்தார். ஓர் இரவு ஃபிரீசரில், தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வாசம். மறுநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறல். அப்புறம் தேங்காய் நார்த்தூளும் எருவும் கலந்த தட்டில் கால் அங்குல ஆழம். ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும், இதமான குளிர்ச்சி வேண்டும். திருச்சிச் சித்திரையில் இதமான குளிர்ச்சி! தட்டு ஏ.சி. அறைக்குப் போயிற்று. மாமி கூடத்துக்குப் போனாள்.

இந்த ஊரில் பூனை வெறும் பிராணி இல்லை, வேதாந்தம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். பகவான் காப்பாற்றுவது எந்தக் குட்டிக் கணக்கில் என்பதுதான் வடகலைக்கும் தென்கலைக்கும் பல நூற்றாண்டு வழக்கு. மாமா வீடு தென்கலை, பூனைக் கட்சி. ஆனால் விதை என்று வந்துவிட்டால் அவர் அசல் குரங்குக்குட்டி. சும்மா கிடக்க வராது.

பதினோராம் நாள் ஒன்றே ஒன்று முளைத்தது. மாமா தெருவுக்கே சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் சாண் உயரம். தட்டு ஏ.சி. அறையிலிருந்து மொட்டை மாடிக்கு வந்தது. ஓரமெல்லாம் பல் பல்லாக இலை. தண்டு உருண்டையாக இருக்கிறதே என்றேன். "வளர வளரச் சதுரமாகும்" என்றார். பூனைக்கு ஓர் இலையை நீட்டினார். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பரம்பரை வாகு" என்றார்.

துணி உலர்த்த வந்த மாமி நின்று பார்த்தாள்.

"ஏன்னா, இது குப்பைமேனி. கொழந்தைக்குச் சொறி வந்தா உப்பு வெச்சு அரைச்சுப் பூசுவோமே, அது."

எருவோடு வந்த களை. ஒரு மாதம் ஏ.சி.யில் இருந்த களை. மாமா ஒன்றும் பேசாமல் வேரோடு பிடுங்கி மூலையில் எறிந்தார்.

பூனை அதன்மேல் பாய்ந்தது. வேரைக் கவ்வியது, கன்னத்தில் தேய்த்தது, நாலு காலும் மேலே தெரியப் புரண்டது. எதிர்வீட்டுப் பூனையும் மதில் தாண்டி வந்து சேர்ந்துகொண்டது.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். வணக்கம் இலைக்கு இல்லை, பிடுங்கிய வேருக்கு. நெபெட்டலாக்டோனுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு பொருள் அந்த வேரில் இருப்பதை இந்தக் காலத்து வேதியியல்காரர்கள் பிரித்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மவர்கள் பூனையைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள், போய்விட்டார்கள். செடியோ சாக்கடை ஓரக் கல்லிடுக்கில், பார்சல் செலவில்லாமல் முளைத்துக் கிடக்கிறது.

"தானா வந்திருக்கு பாருங்கோ" என்றாள் மாமி. அவள்தான் தென்கலை.

மாமா இப்போது குப்பைமேனி விதை சேகரிக்கிறார். உறையில் போட்டு, தேதி எழுதி, ஃபிரீசரில் வைத்திருக்கிறார். கேட்டால் இலவசமாகவே தருவார். விதைக்கிற முறையையும் சொல்லித் தருவார். முக்கால் மணி நேரம் ஆகும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.