விலை என்ன சிஸ்?

வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்பவர் படத்துக்குக் கீழேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்: பருத்தி, ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி கிடையாது, விலை 850 ரூபாய், கூரியர் தனி. அடுத்த நிமிடமே வந்து விழுகிறது: "விலை என்ன சிஸ்?" சொன்னதும், "ப்ளவுஸ் உண்டா?"

இவர்களாவது பரவாயில்லை. ஆராய்ச்சியாளர்கள் இரவு பதினொரு மணிக்குமேல்தான் வருவார்கள். "புள்ளியெல்லாம் ஒரே அளவா இல்லையே, டேமேஜா?" துணியை விரலால் கிள்ளி, நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கினால் புள்ளி அப்படித்தான் விழும். அந்தக் கைவேலைக்குத்தான் மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது. பொறுமையாக விளக்கினால், "அப்போ டிஸ்கவுன்ட் தருவீங்களா?" பிறகு வெயிலில் ஒரு வீடியோ, நிழலில் ஒரு வீடியோ, யாராவது கட்டிக்கொண்டு ஒரு படம். எல்லாம் போய்ச் சேர்ந்தபின், "நாத்தனாரைக் கேட்டுச் சொல்றேன்." அந்த நாத்தனாரை இதுவரை எந்த வியாபாரியும் கண்டதில்லை.

வாட்ஸ்அப் பிசினஸில் சாய்கோடு தட்டினால் தயார் பதில் வந்து நிற்கும். நல்ல வசதிதான். ஆனால் படத்துக்குக் கீழே இருப்பதைப் படிக்காதவர் இதை மட்டும் படிப்பாரா?

நிஜமாக வாங்குகிறவர் எதையும் கேட்பதில்லை. ஜிபேயில் பணம் போட்டு, ஸ்க்ரீன்ஷாட்டும் முகவரியும் அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விடுவார். பின்கோடு இருக்காது. இப்போது விற்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "பின்கோடு சிஸ்?"