கடன் வாங்கிக் கழித்த கணக்கு

ஏ மாப்ளே, இங்கன வா. இப்படிச் சாவடித் திண்ணையில உக்காரு. குலசாமி கோயில் கெடாவெட்டுக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் வந்தியாமே? சாமிக்குச் செய்ய வேண்டியதுதான், தப்பில்ல. ஆனா கெடாவ வெட்டினது ஒரு நாள். கறி தின்னது ஒரு நாள். தின்ன அலுப்புக்குப் படுத்தது ஒரு நாள். மச்சினன் வீட்டுல எட்டிப் பார்த்தது ஒரு நாள். உம்மவனும் உன்கூடவே நாலு நாளும் சுத்தியிருக்கான்.

"மூணாப்புதானே மாமா, இப்பவே என்ன கலெக்டருக்கா படிக்கிறான்"ங்கிறியா? இரு, எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் ஒரு கணக்குப் போடுறேன். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் வருசத்துக்கு 200 நாளாவது பள்ளிக்கூடம் நடக்கணும்னு சொல்லுது. உம்மவன் மாசம் ரெண்டே ரெண்டு நாள் மட்டம் போடுறான்னு வையி. பத்து மாசத்துக்கு 20 நாள் ஆச்சா? பத்துல ஒரு பங்கு போச்சு. அஞ்சு வருசத்துக்குப் பெருக்கிப் பாரு, 100 நாள். அரை வருசப் படிப்பு! அஞ்சாப்பு முடிச்சவன்னு நீ ஊரெல்லாம் சொல்லுவே, அவன் படிச்சிருக்கிறது நாலரை வருசம். பருத்தி எடைபோடுற யாவாரி குவிண்டாலுக்கு ஒரு கிலோ தள்ளினா தராசத் தூக்கி எறிஞ்சு சண்டைக்குப் போற ஆளு நீ. இங்க பத்துல ஒண்ணு போயிருக்கு, பல்லக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கே.

அதுலயும் ஒரு கூத்தைக் கேளு. நீங்க கெடாவெட்டுல இருந்தப்பதான் டீச்சரம்மா கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கைச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது ஒரு நாள் தப்பினா மறுநாள் புடிபடாது. அதுக்கு மேல வர்ற கணக்கெல்லாம் அது தலைமேலதான் உக்காந்திருக்கும். பாவம், புள்ள முழிக்கிறான். நான் சொன்னேன், "கவலைப்படாதடா, கழிக்கிறதுதானே தெரியல? கடன் வாங்குறதை உங்கப்பன்கிட்டக் கேட்டுக்க, சுத்துப்பட்டுல அவனை மிஞ்ச ஆளில்ல"ன்னு. கோவிச்சுக்காத மாப்ளே, மொறைக்காரன் பேசாம வேற யார் பேசுவா?

இன்னொன்னு. முந்தாநாள் டீச்சரம்மா என்னைக் கடைத்தெருவுல பார்த்துட்டு, அப்படியே நின்னுட்டாங்க. "என்னம்மா?"ன்னேன். "தாத்தா, நீங்க... நல்லா இருக்கீங்களா?"ன்னு இழுத்தாங்க. அப்புறந்தான் வெளங்குச்சு. போன மாசம் உம்மவன் லீவு லெட்டருல என்னைக் காடு சேர்த்துட்டு ரெண்டு நாள் எடுத்திருக்கான். அப்படி எழுதச் சொன்னது நீதானாமே? பரவாயில்ல, என் ஆயுசு கெட்டிதான். ஆனா அடுத்த தடவை கொல்லுறதுன்னா முந்தியே சொல்லிவிடு, ரெண்டு நாளைக்கு வீட்டோட கெடக்குறேன். பொய்யின்னு தெரிஞ்சா புள்ளைக்கில்ல அசிங்கம்?

எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மாப்ளே. எங்க காலத்துல, இந்தக் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துல தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கோழி கூப்பிடுற நேரத்துல ஊருக்குள்ள வந்து நிக்கும். தூங்குற புள்ளைகளை எழுப்பி, மூஞ்சியக் கழுவி, தூக்குவாளியக் கையில குடுத்து ஏத்திவிடுவோம். ஒரு நாள் தப்பாது. கெடாவெட்டும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டி வேலையில பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அதுக்குப் பிறகும் கொஞ்ச காலம் ஒளிச்சு மறைச்சு அனுப்பினவுக உண்டு. கந்தக வாசத்துக்கு விடியுமுன்ன புள்ளைய எழுப்பத் தெரிஞ்ச ஊருக்கு, காலை ஒன்பது மணிப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பக் கை வரலையே, அது என்ன மாயம்?

அதை விடு. உங்க அண்ணன் வீட்டைப் பாரு. மெட்ரிக் பள்ளிக்கூட வேன் ஏழரைக்கு வரும்னா ஏழேகாலுக்கே ரோட்டுல நிக்கிறான். புள்ளைக்குச் சளி புடிச்சிருந்தாலும் மூக்கத் தொடைச்சு அனுப்புறான். "பீஸ் கட்டியிருக்கு"ங்கிறான். உனக்கு அந்த நோவு இல்ல. காசு கேக்காத இடமாச்சா, அதனால கடைசி இடம்! ஓசின்னு யார் சொன்னா? நீ வாங்குற சோப்புலயும் பெட்ரோல்லயும் வரி கட்டிக்கிட்டுத்தான் இருக்கே. பீஸை முன்கூட்டியே கட்டிட்டு வகுப்புக்கு அனுப்பாத புண்ணியவான் உலகத்துல நீ ஒருத்தன்தான்.

"சோறு போடுறாக, அதுக்காச்சும் போவான்"னு சொல்லுவே. நெசந்தான். 1956ல காமராசர் மதியச் சாப்பாட்டைத் தொடங்கி வச்சது இந்தா இருக்கிற எட்டயபுரத்துலதான்னு நாம பெருமை பேசுறோம். 1982ல எம்ஜிஆர் அதைச் சத்துணவா விரிச்சார். 2022 செப்டம்பர்ல காலைச் சாப்பாடும் வந்துச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நம்ம சுயஉதவிக் குழுப் பொண்ணுகளே ஆக்கிப் போடுறாக. அரசாங்கம் வயித்துக்கு ரெண்டு வேளை பார்த்துக்கிடுச்சு. புள்ளைய வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடுற வேலையைத்தான் உனக்குன்னு ஒதுக்கியிருக்கு. 2002ல அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆறு வயசுலருந்து பதினாலு வயசு வரைக்கும் புள்ளை படிக்க வழி பண்ணுறது பெத்தவுக கடமைன்னு எழுதியே வச்சுட்டாக. உரிமைன்னா ஓடி வந்து வரிசையில நிக்கிறே. கடமைன்னா மட்டும் காது மந்தமாயிருது.

சரி, உன் பெண்டாட்டி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாச்சே, அந்தக் கதைக்கு வருவோம். குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவுகளா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைகளா இருக்கணும்னு சட்டம். பள்ளிக்கூடம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்குறது, என்னென்ன வேணும்னு திட்டம் போடுறது, வந்த பணம் எங்க போச்சுன்னு கேக்குறது எல்லாம் அவுக பொறுப்பு. போன கூட்டத்துக்கு யாரு போனது? நீ! முன் நாற்காலியில கால்மேல கால் போட்டு உக்காந்து டீயும் பிஸ்கட்டும் முடிச்சிட்டு, "தலைவி சார்பா நான் வந்திருக்கேன்"னியாமே. அவ வீட்டுல உன் கூட்டாளிகளுக்குக் கறி வறுத்துக்கிட்டு இருந்தாளா? கூட்டத்துல என்ன பேசுனாகன்னு உன்கிட்டக் கேட்டேன். பிஸ்கட்டு நமத்துப் போச்சுன்னு மட்டும் சொன்னே.

அவ போயிருந்தா என்ன கேட்டிருப்பா தெரியுமா? பொட்டப் புள்ளைக கக்கூஸுக்கு ஏன் தண்ணி வரலைன்னு கேட்டிருப்பா. பெரிய புள்ளைய அடிக்கடி வீட்டுல நிறுத்துற வீடு எதுன்னு அவளுக்குத் தெரியும். கைப்புள்ளையப் பார்த்துக்க ஆளில்லாம நூறு நாள் வேலைக்குப் போறவ அவளோட சேத்தாளிதான். அங்கன்வாடியில சின்னதை விட்டுட்டுப் பெரிசைப் பள்ளிக்கூடம் அனுப்புடின்னு அவ ஒரு வார்த்தை சொன்னா நடந்துரும். நீ சொன்னா சண்டை வரும்.

அந்த டீ, பிஸ்கட்டை விட்டா, நீ பள்ளிக்கூடம் போறதே ரெண்டு காரியத்துக்கு. ஒண்ணாப்புல சேர்க்கையில, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்"னு சொல்ல. அப்புறம், "எம்புள்ளைய எவன்டா அதட்டுனது"ன்னு சட்டைய மடிச்சிக்கிட்டுப் போக. தோலை உரிக்கவும் சட்டத்துல இடமில்ல, நீ சட்டைய மடிக்கவும் அங்க அவசியமில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாளு சும்மா போயி, "எம்புள்ள எதுல தடுமாறுறான்?"னு கேட்டா உன் மீசை ஒண்ணும் உதிர்ந்துறாது.

"எனக்கே எழுத்துத் தெரியாது, நான் என்னத்தப் பார்க்க?"ன்னு சாக்குச் சொல்லாத. எழுத்துத் தெரியாதவனுக்குக் கேக்கத் தெரியாதா? ராத்திரி சாப்பிடையில ரேசன் கடை ரசீதை நீட்டி, "இதுல அரிசி எத்தனை கிலோ போட்டிருக்கான், வாசிடா"ன்னு கேளு. பஸ் போர்டை வாசிக்கச் சொல்லு. டீக்கடைப் பாக்கியைக் கூட்டச் சொல்லு; அதுல பெருக்கலும் தானா வந்துரும்.

விசேசத்தை வேணாம்னு சொல்லல. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையைச் சனிக்கிழமையில வச்சவன் உன்னைவிட விவரமானவன்; அதனால சந்தைக்கு லீவு கேக்க வேண்டியதில்ல. நீயும் காதுகுத்து, கெடாவெட்டை லீவு நாளாப் பார்த்து வையி. முடியலையா, ஒரே நாள்ல திரும்பு. அடுத்த கூட்டத்துக்கு அவளை அனுப்பிட்டு நீ அடுப்பைப் பாரு.

நாளைக்குக் காலையில புள்ளைய நீயே கொண்டுபோயி விடு. சட்டையப் போட்டுக்கிட்டுப் போ. இப்படிக் கைலியும் துண்டுமா வாசல்ல முழிச்சிக்கிட்டு நின்னேன்னா, வயசு கூடின புள்ள எதுவோ சேர வந்திருக்குன்னு ஒண்ணாப்புல உக்கார வச்சிரப் போறாக. வச்சாலும் நல்லதுக்குத்தான், எழுத்தும் வரும், காலையில உப்புமாவும் கெடைக்கும்.