வாகன சாஸ்திரி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, மூன்று ஷிப்டிலும் கம்பெனிப் பஸ்கள் ஓயாது ஓடுகின்ற பிராந்தியத்தில், உத்தியோக காலமெல்லாம் குவாலிட்டிப் பிரிவில் போல்ட்டையும் நட்டையும் உற்றுநோக்கியே கழித்து, ஓய்வு பெற்றபின் அந்தத் திருஷ்டியை யுத்தகாலப் புகைப்படங்களின்மீது திருப்பிவிட்ட கனவான் ஒருவர் இருக்கிறார். அவரை வாகன சாஸ்திரி என்று அழைப்பதே பொருத்தம்.

படத்தில் நிற்பவர் சாட்சாத் மவுண்ட்பேட்டனே ஆனாலும் சாஸ்திரிக்கு அது பொருட்டன்று. அவர் சாய்ந்திருக்கும் வண்டி எது என்பதே கேள்வி. நாம் ஜீப் என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். அவரோ ரேடியேட்டருக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாயிருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பகரமாயிருந்தால் ஃபோர்டு என்று தீர்ப்பளித்த பின்பே மூச்சுவிடுவார். கனடாவிலிருந்து வந்த ராணுவ லாரிகளுக்கும் அவரிடம் லட்சணம் உண்டு: முகப்பு வலையின் கண் சதுரமானால் ஃபோர்டு, சாய்சதுரமானால் செவர்லே. அந்த ஃபோர்டு அடிச்சட்டத்தின்மேல் டாட்டா கம்பெனியின் கவசத் தகடு போர்த்திய 'டாட்டாநகர்' வண்டி ஒரு படத்தில் தென்பட்டுவிட்டால், அன்று வீட்டில் பாயசம். ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு வாங்கிய பையன் எவனாவது எதிர்ப்பட்டால், பாராசூட்டில் இறக்கப்பட்ட 125 சிசி 'ஃபிளையிங் ஃபிளீ'யின் சரித்திரத்தைக் கேட்காமல் அவன் வண்டியைக் கிளப்ப முடியாது. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததைப் பிரஸ்தாபித்தால் மாத்திரம், "அதெல்லாம் நேற்றைய சமாசாரம்" என்று கையை உதறிவிடுவார்.

அஜாதசத்ருவான அவருக்கு உலகில் விரோதிகள் ஒரே கூட்டத்தார்தாம்: படைப்பிரிவின் சின்னங்களைப் படத்திலிருந்து சுரண்டி எடுத்த அக்காலத் தணிக்கை அதிகாரிகள். அவர்கள் அனைவரும் காலகதி அடைந்திருப்பார்கள் என்பதுகூட அவர் சினத்தைத் தணித்ததில்லை.

சுங்குவார்சத்திரத்தில் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெண்ணின் பாட்டி, 1944-இல் இம்பாலில் தம் தகப்பனார் ஒரு லாரியின் முன்னால் எடுத்துக்கொண்ட படத்தைப் பூஜையறையிலிருந்து பயபக்தியுடன் கொண்டுவந்தார். சாஸ்திரி பூதக்கண்ணாடியை எடுத்தார். (பெண் பார்க்கப் போகும்போதும் அது சட்டைப்பையில்தான் இருக்கும்.) பஜ்ஜி ஆறியது, பெண் வந்து நமஸ்கரித்து உள்ளே போனதையும் அவர் கவனிக்கவில்லை.

"எங்கப்பா எப்படி இருக்கார், பாத்தீங்களா தம்பி?" என்றார் பாட்டி.

"நடுவில நிக்கிறாரேம்மா! ரெண்டடி தள்ளி நின்னிருந்தா வலைக்கண் தெரிஞ்சிருக்குமே!"

சாஸ்திரியின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். பாட்டிக்கோ கோபம் வந்துவிட்டது.

"ஏன் தள்ளி நிக்கணும்? அவரு ஓட்டின வண்டி தம்பி அது. அதைப் பத்திப் பேசாத நாள் கிடையாது!"

சாஸ்திரி நாற்காலியை இழுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பானெட்டில் எழுதின நம்பருக்கு முன்னாடி இருந்தது 'எல்'லா, 'இசட்'டா?"