பானை உடைக்கும் வீரன்

பிள்ளைகளுக்கு அடிதடி அதிகமில்லாத சாகச வீடியோ கேம் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதல் மைத்துனர் வரை கைகாட்டுவது நின்டெண்டோவின் ‘செல்டா’வைத்தான். சரியென்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கதாநாயகன் லிங்க் அழைப்பில்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறான். மூலையில் இருக்கும் பானைகளைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான். சிதறும் ரூபிக் காசுகளைப் பொறுக்கிக்கொள்கிறான். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு பார்க்கத் தக்கது!

கோழிமேல் மட்டும் கைவைக்கக் கூடாது. வாளால் நாலு தட்டு தட்டினால் போதும், எங்கிருந்தோ பட்டாளமாகப் பறந்து வந்து கொத்தித் தள்ளிவிடும். அந்த ராஜ்ஜியத்தில் சட்டம் ஒழுங்கு கோழிகளின் பொறுப்பு.

பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். 2017இல் வந்த செல்டா ஆட்டமான ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’டுக்கு அமெரிக்காவின் வயது மதிப்பீட்டு அமைப்பான இ.எஸ்.ஆர்.பி. 10 வயது என்றது; ஐரோப்பாவின் அமைப்பான பெகி 12 என்றது. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறக்கும் 11 வயதுப் பையன் நடுக்கடலில் எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதை விமானப் பணிப்பெண்தான் அறிவிக்க வேண்டும்.

சிறுவயதில் கியோட்டோ பக்கம் காடும் குகையுமாகச் சுற்றிய அனுபவம்தான் 1986இல் வந்த முதல் செல்டாவுக்கு வித்து என்று சொல்லியிருக்கிறார், அதைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ. குகைக்குள் போக அவருக்கு யார் வயதுச் சான்று கொடுத்தார்களோ! நம் வீட்டு வாரிசுக்குத் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போக இன்னும் அனுமதியில்லை. அரக்கனைக் கொல்லலாம், சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம்.