பின்னாடி உதவும் வயர்

மூன்று ஃபேஸ் டிபி பெட்டியில் எஸ்பிடி என்கிற சர்ஜ் பாதுகாப்புச் சாதனத்தை மாட்ட வரும் எலக்ட்ரீசியன் அண்ணன், அதை முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆர், ஒய், பி, நியூட்ரல் நான்கும் உள்ளே போகின்றன. இன்னொரு பக்கம் எர்த் மட்டும் இருக்கிறது. “லோடு எங்க சார் எடுக்கறது?” சாதனம் லைனுக்கு இணையாக நிற்கிறது, வீட்டுக் கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை, இடி இறங்கும்போது லைனில் ஏறும் மிகை அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்புவதே அதன் வேலை. இதெல்லாம் படம் போட்ட தாளில் இருந்தது. அந்தத் தாள் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டது.

ஆனாலும் மாட்டிவிடுவார், அதுவும் சுத்தமாக. அண்ணனிடம் வயரை அளவுக்கு வெட்டும் வழக்கம் மட்டும் கிடையாது. “பின்னாடி உதவும் சார்” என்பது அவர் கொள்கை. ஃபேன் கொக்கியில் ஒரு முழம், ஸ்விட்ச் பாக்ஸில் ஒரு முழம், மீட்டர் பலகைக்குப் பின்னால் இரண்டு முழம். வயர் எட்டவில்லை என்று பின்னொரு நாள் இன்னொரு எலக்ட்ரீசியன் சொல்லிவிட்டால், அதைவிட மானக்கேடு அவருக்கு வேறில்லை.

எஸ்பிடியிலிருந்து எர்த் பார் நாலு விரற்கடை தூரம். அண்ணன் எடுப்பது இரண்டு மீட்டர் பச்சை வயர். அதை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றி, உருவி எடுத்து, ஸ்பிரிங்காகப் பெட்டியின் மூலையில் உட்காரவைத்து, டை போட்டு இறுக்குகிறார். பிறகு டையின் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கட்டரால் நறுக்குகிறார். அந்த வேலை முழுவதிலும் அவர் நறுக்குவது அது ஒன்றைத்தான்.

ஒரு மீட்டர் நேர் வயரின் தூண்டல் சுமார் 1 மைக்ரோஹென்றி. 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 8 மைக்ரோவினாடியில் 10,000 ஆம்பியருக்கு எகிறும் சர்ஜுக்கோ அது ஒரு தடுப்புச்சுவர். மீட்டருக்கு 1,000 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். சாதனம் அழுத்தத்தை 1,500 வோல்ட்டில் பிடித்து நிறுத்தினாலும், அண்ணனின் இரண்டு மீட்டர் இன்னொரு 2,000-க்கு மேல் சேர்த்துக் கொடுக்கிறது. வீட்டுச் சாமான்கள் தாங்க வேண்டியது 2,500 தான். சுருட்டினால் தூண்டல் இன்னும் கூடும். அதனால்தான் ஃபேஸ் பக்கம், எர்த் பக்கம் இரண்டும் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஐஇசி தரநிலை சொல்கிறது. கோடை இடியில் ஏசியின் போர்டு போனால், “டூப்ளிகேட் பீஸ் கொடுத்துட்டான் சார்” என்று பழி கடைக்காரர்மேல் போகும். போர்டின் விலையோடு, அந்த ஸ்பிரிங்குக்கான வயர் காசும் வீட்டுக்காரர் தலையில்தான். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வீட்டில் சுவரை இடித்து ஸ்விட்ச் பாக்ஸைத் தள்ளி வைக்கும்போது, உள்ளேயிருந்து அந்த ஒரு முழம் வெளியே வரும். அன்றைக்கு அண்ணனை வாழ்த்தாத கொத்தனார் கிடையாது.

வீட்டுக்கென்று தனி எர்த் குழி இருந்து, எஸ்பிடி, கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபிக்கு முன்னால் உட்கார்ந்தால், அது ‘மூன்று கூட்டல் ஒன்று’ வகையாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு தீப்பொறி இடைவெளி. “ரெண்டும் கடைசில மண்ணுக்குத்தானே போகுது” என்று நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் அண்ணன் இணைத்துவிடுவதுண்டு. அப்புறம் தெருவில் நியூட்ரல் அறுந்தால் கிரைண்டரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறினாலும் எஸ்பிடி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் தரும் இன்னொரு உத்தரவாதம். மைக்ரோவினாடிக் கணக்கில் உழைக்கும் சாதனம் அது. நிமிடக் கணக்கில் அழுத்தம் நின்றால் அதுவே கருகிவிடும்.

சாதனத்தின் சின்னக் கண்ணாடியில் பச்சை தெரிந்தால் நலம், சிவப்பு தெரிந்தால் ஆயுள் முடிந்தது. சிவப்பைக் காட்டினால், “ஸ்விட்ச் போர்டு இண்டிகேட்டரும் சிவப்புதானே சார், சப்ளை இருக்குன்னு அர்த்தம்” என்பார் அண்ணன். மாற்றுவது எளிது: பல மாடல்களில் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவிப் புதியதைச் செருகினால் போதும், ஒரு திருகையும் தளர்த்த வேண்டாம். வயர் இல்லாத வேலையை அண்ணன் வேலையாகக் கருதுவதில்லை. “டேய் தம்பி, நீ மாத்திடு” என்று உதவியாளிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.