கல்கத்தாவுக்குப் போற பேரனுக்கு நாலு புத்தி

கண்ணு, உனக்குக் கல்கத்தாவுல வேலை கெடைச்சதை உங்கம்மா சந்தைக்குப் போறவங்க வாரவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சு. பருப்புப்பொடி இடிச்சாச்சு, ஊறுகாய் கட்டியாச்சு, கம்பளி வாங்கியாச்சு. எல்லாஞ் சரி. ஆனா அங்க போய் எறங்கின மொத வாரத்துலயே ஒருத்தன் டீக்கடையில வெச்சு உன்னை ஒரு கேள்வி கேப்பான் பாரு, அதுக்குப் பதிலை மட்டும் ஒருத்தரும் கட்டிக் குடுக்கலை.

"தாதா, நீங்க மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?"

"எனக்கு ஃபுட்பால்ல ஆர்வமில்லைங்க"ன்னு மட்டும் சொல்லிப்போடாதே. உன்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஒடம்புக்கு என்ன?"ன்னு கேப்பான்.

சங்ககிரியில லோடு ஏத்திக்கிட்டுக் கல்கத்தா லைன்ல லாரி ஓட்டினவன் நான். லோடு எறக்கற ஆளுங்க ஒருத்தனும் கண்ணுல படலைன்னா, ஒண்ணு ஸ்ட்ரைக்கு, இல்லைன்னா இந்த ரெண்டு கிளப்புக்கும் மேட்சு. ஸ்ட்ரைக்குன்னாக் கூடச் சாயங்காலம் பேசித் தீர்த்துக்குவாங்க. மேட்சுன்னா மறுநாளும் பாதிப்பேர் வரமாட்டாங்க, தோத்த கட்சிக்காரன் மொகத்தைக் காட்ட மாட்டான். அங்க காத்துக் கெடந்தப்பக் காதுல விழுந்ததும், அப்பறம் பேப்பர்ல டி.வி.யில பார்த்ததும்தான் இந்த புத்தியெல்லாம். காசு வேண்டாம், கேட்டுக்கோ.

மொதல்ல யாரு யாருன்னு தெரிஞ்சுக்கோ. மோகன் பகான் மூத்தது, 1889-ல ஆரம்பிச்சது. பச்சையும் மெரூனும் நிறம், பாய்மரப் படகு சின்னம். 1911 ஜூலை 29-ம் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல்ல ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டுங்கற வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை 2-1ன்னு சாய்ச்சவங்க. ஒரே ஒருத்தர் பூட்ஸ் போட்டிருந்தாரு, மத்த பத்துப் பேரும் வெறுங்கால். அந்தப் பெருமையை இன்னிக்கு வரைக்கும் தோள்ல இருந்து எறக்கி வெக்கலை. நீயும் எறக்கச் சொல்லாதே.

ஈஸ்ட் பெங்கால் எளையது. செகப்பும் மஞ்சளும் நிறம், தீப்பந்தம் சின்னம். அது பொறந்த கதையைக் கேளு. 1920 ஜூலை 28, கூச்பிகார் கோப்பையில மோகன் பகானுக்கும் ஜோராபகான்னு ஒரு கிளப்புக்கும் மேட்சு. ஜோராபகான் டீம்ல சைலேஷ் போஸ்னு ஒரு ஆட்டக்காரரை அன்னிக்கு எறக்கலை. "ஏன் எறக்கலை?"ன்னு அந்தக் கிளப்போட துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி மல்லுக்கு நின்னாரு. எடுபடலை. ரோசக்காரரு, கோவிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. நாலே நாள்ல, ஆகஸ்ட் 1-ம் தேதி, ஈஸ்ட் பெங்கால் கிளப் பொறந்துருச்சு. ஒரு ஆளை ஓரமா உக்கார வெச்சதுக்கு நூறு வருஷம் தாண்டியும் வட்டி கட்டிட்டு இருக்காங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, உக்கார வெச்சது மோகன் பகான் இல்லை, ஜோராபகான். அந்த ஜோராபகானை இன்னிக்குத் திட்டறதுக்கு ஒரு நாதி இல்லை. வசவு பூராவும் மோகன் பகானுக்கு. இதை அங்க போய் யார்த்துகிட்டயும் எடுத்துச் சொல்லாதே. நியாயம் பேசறவனை ரெண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்.

பகை ஏன் இப்படி வேகுதுன்னு கேக்கறியா? நம்ம ஊரையே பாரு. எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் காட்டை வித்தாலும் ஒரு பேச்சில்லை, வாங்கினாலும் ஒரு பேச்சில்லை. ஒரே வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஏர் ஓட்டற பங்காளிக்குத்தான் சாண் மண்ணுக்குக் கோர்ட்டு, வாய்தா, வக்கீல் பீஸு. டெர்பி டெர்பின்னு பெரிய வார்த்தையில சொல்றாங்களே, அது இந்த வரப்புத் தகராறுதான். தூரத்துல இருக்கறவன்கிட்டத் தோத்தா ஒரு ராத்திரி தூக்கம் போகும். பக்கத்துல இருக்கறவன்கிட்டத் தோத்தா அடுத்த மேட்சு வரைக்கும் அவன் மொகத்துல முழிக்கோணும்.

சீமையிலயும் இதே கதைதான். லிவர்பூல் ஊர்ல ஆன்ஃபீல்டு மைதானத்துல மொதல்ல ஆடினது எவர்ட்டன் கிளப். மைதானத்துக்காரர் ஜான் ஹோல்டிங்கோட வாடகைத் தகராறு. 1892-ல எவர்ட்டன் மூட்டையைக் கட்டிட்டுப் போயிருச்சு. மைதானம் சும்மாக் கெடக்குதேன்னு அவரு ஆரம்பிச்சதுதான் லிவர்பூல் கிளப். அர்ஜென்டினாவுல ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் ரெண்டுமே லா போகாங்கற ஒரே துறைமுகப் பேட்டையில பொறந்தது. 2018-ல கோபா லிபர்ட்டடோரஸ் ஃபைனலுக்கு வந்த போகா பஸ் மேல ரிவர் ரசிகருங்க கல்லெறிஞ்சு, ஆட்டக்காரங்களுக்குக் காயமாகி, கடைசியில அந்த மேட்சை ஸ்பெயின்ல மேட்ரிட் நகரத்துக்குக் கொண்டுபோய் ஆடினாங்க. ரிவர் 3-1ன்னு ஜெயிச்சுது. ஒரே பேட்டைக்காரங்க சண்டைக்கு அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டிப் பஞ்சாயத்து, பாத்துக்கோ.

கல்கத்தாவுல வரப்பு இன்னும் கிட்ட. மைதான்ங்கற பெரிய வெளியில ரெண்டு கிளப்போட டென்ட்டும் கூப்பிடு தூரம். ஆனா வெறும் கிளப் சண்டையா இருந்ததைக் குடும்பச் சண்டையா மாத்தினது 1947. தேசம் ரெண்டாச்சு. கெழக்கு வங்காளத்துல வீடு, வயல், குளம்னு வாழ்ந்த சனம் லட்சக்கணக்குல கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்துச்சு. ஜாதவ்பூர் பக்கமெல்லாம் அகதிக் குடியிருப்பு எழும்புச்சு. முன்னாடியே இருந்தவங்களைக் கொட்டிம்பாங்க, வந்தவங்களைப் பாங்கால்ம்பாங்க. வந்தவங்க பேச்சைக் கேட்டுச் சிரிச்சாங்க, சமையலைப் பார்த்துச் சிரிச்சாங்க. வந்தவனுக்குச் சொந்த ஊர் பேர்ல மிச்சமிருந்தது ஒரு ஃபுட்பால் கிளப்தான். சனிக்கெழமை அது ஜெயிச்சா, ஞாயித்துக்கெழமை தெருவுல தலை நிமிர்ந்து நடக்கலாம். இதைப் புரிஞ்சுக்கிட்டின்னா, ஒரு கோலுக்கு வயசான மனுசன் ஏன் அழுகறாருன்னு நீ கேக்கமாட்டே.

அதுக்காக ரத்தம், பூர்வீகம்னு அவங்க பேசறதையெல்லாம் அப்படியே முழுங்கிராதே. மோகன் பகான் காவல் தெய்வமாக் கும்புடற கோஷ்டா பாலை, 'சீனப் பெருஞ்சுவர்'னு பேர் வாங்கின டிஃபெண்டரை, எடுத்துக்கோ. மைதான்ல செலையே வெச்சிருக்காங்க. பொறந்தது ஃபரீத்பூர் ஜில்லா, சுத்தமான கெழக்கு வங்காளம். 1962 ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் குடுத்த கேப்டன் சுனி கோஸ்வாமி, வேற கிளப்பு வாசப்படி மிதிக்காம மோகன் பகானுக்கே ஆடினவரு. பொறந்தது கிஷோர்கஞ்ச், அதுவும் கெழக்குத்தான். அந்தப் பக்கம் பாரு. ஈஸ்ட் பெங்கால் மார்தட்டற 'பஞ்ச பாண்டவர்' அஞ்சு பேரு: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. 1949-ல இருந்து மூணு வருஷம் தொடர்ச்சியா ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிக் குடுத்த முன்வரிசை. அத்தனை பேரும் தென்னாட்டுக்காரங்க. கெழக்கு வங்காளத்துப் பத்மா நதியை மேப்புல பார்த்திருப்பாங்களோ என்னமோ.

இன்னொண்ணு. 1990-கள் கடைசியில ரெண்டு கிளப்புக்கும் பணம் போட்டது ஒரே முதலாளி, நம்ம பெங்களூரு சாராயக் கம்பெனிக்காரரு. ஒரு சட்டை நெஞ்சுல கிங்ஃபிஷர், இன்னொரு சட்டை நெஞ்சுல மெக்டவல். கேலரியில இவன் அவனைக் கருவ, அவன் இவனைக் கருவ, யாரு ஜெயிச்சாலும் கல்லா ஒண்ணுதான். வாங்கற சம்பளத்துல கொடி வாங்கறதுக்கு முன்னால இதை ஒருக்கா நெனைச்சுக்கோ.

சரி, சாப்பாட்டுக்கு வாரேன். கொட்டிக்காரங்களுக்கு எறா, பாங்கால்காரங்களுக்கு இலிஷ் மீன். இலிஷ்னா ஒண்ணும் அதிசயமில்லை. மேட்டூர் அணை கட்டறதுக்கு முன்னால நம்ம காவேரியிலயும் ஏறி வந்த உள்ளம் மீன்தான். மோகன் பகான் ஜெயிச்சா மறுநாள் மார்க்கெட்டுல எறா வெலை ஏறும், ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் வெலை ஏறும். ஜெயிச்சவன் மீனைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டுத் தோத்தவன் வீட்டு வழியாத்தான் போவான், அவனுக்கு அது சுத்துவழியா இருந்தாலும். அதனால சிக்கனமாப் பொழைக்கோணும்னா, தோத்த கட்சி மீனை வாங்கு. முள்ளு ஜாக்கிரதை. இலிஷ்ல இருக்கற முள்ளுக்கு நம்ம நாட்டுக் கருவேலம் பரவாயில்லை.

அடுத்த புத்தி, மேட்சுக்கு முன்னால வாயைத் தொறக்காதே. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை செமிஃபைனல். சால்ட் லேக் ஸ்டேடியத்துல 1,31,000 பேருக்கு மேல. நம்ம ஊர்த் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. மோகன் பகான் கோச் அமல் தத்தா, 'டயமண்ட்' ஆட்டம்னு ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருந்தாரு. அதோட விட்டிருக்கலாம். எதிர் டீம்ல பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்'னாரு, சோசோவை வெள்ளரிக்காய்னாரு, ஒமோலோவை ஆம்லெட்னாரு. அந்தப் பக்கத்துக் கோச் பி.கே. பானர்ஜிக்குப் பாதி வேலையை இவரே செஞ்சு குடுத்துட்டாரு. 4-1. பாய்ச்சுங் மட்டும் மூணு கோல். ஆம்லெட் ஆனது யாருன்னு ஊரே பார்த்துச்சு.

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. செமிஃபைனல்ல இப்படி ஊரைக் கலக்கின ஈஸ்ட் பெங்கால், ஃபைனல்ல கோவாவோட சல்காவ்கர்கிட்டத் தோத்துப்போச்சு. கோப்பை கோவாவுக்குப் போயிருச்சு. நீ அங்க போய் எந்த ஈஸ்ட் பெங்கால்காரரைக் கேட்டாலும் செமிஃபைனலை நிமிஷம் நிமிஷமாச் சொல்வாரு. ஃபைனலைக் கேட்டுப் பாரு, "டீ ஆறிப்போகுது"ம்பாரு. கோப்பை யாருக்கு வேணும்? பங்காளி மூக்கு ஒடைஞ்சாச் சரி.

இவ்வளவு நேரம் சிரிச்சே, இனி சித்த கவனமாக் கேளு. 1975 செப்டம்பர் 30, ஷீல்டு ஃபைனல்ல ஈஸ்ட் பெங்கால் 5-0ன்னு மோகன் பகானை அடிச்சுது. தோத்த ஆட்டக்காரங்க சிலபேர் ரசிகருங்களுக்குப் பயந்து அன்னிக்கு ராத்திரி கங்கையில படகுலயே கெடந்தாங்கன்னு சொல்வாங்க. கிளப் சின்னம் உபயோகப்பட்டது அன்னிக்குத்தான்னு கேலி பேசலாம். ஆனா அந்தத் தோல்வியைத் தாங்காம ஒரு ரசிகன் உசுரையே விட்டான். அதுக்குக் கேலி கெடையாது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ல மேட்சு. ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே கேலரியில கலந்து உக்காந்திருந்தாங்க. களத்துல ஆரம்பிச்ச மோதல் கேலரிக்கு ஏறிக் கைகலப்பாகி, நெரிசலாகி, 16 பேர் செத்தாங்க. மேட்சு பாக்க வீட்டுல இருந்து கெளம்பினவங்க. அந்த 16 பேர் வீட்டுல எது கொட்டி, எது பாங்கால்னு யாரும் கேக்கலை. இன்னிக்கும் வருஷா வருஷம் அந்தத் தேதியில அவங்க நெனைவா ரத்ததான முகாம் நடத்தறாங்க.

இதே சனம் இன்னொண்ணும் பண்ணிக் காட்டுச்சு. 2024 ஆகஸ்ட் மாசம் ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில பயிற்சி டாக்டர் பொண்ணை நாசம் பண்ணிக் கொன்னுபோட்டாங்களே, அப்ப ஊரே கொதிச்சுது. ஆகஸ்ட் 18-ம் தேதி நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பியைப் பாதுகாப்புக் குடுக்க முடியாதுன்னு ரத்து பண்ணிப்போட்டாங்க. மேட்சு இல்லைன்னா வீட்டுல இருப்பாங்கன்னு நெனைச்சாங்களோ என்னமோ. ரெண்டு கிளப் ரசிகருங்களும் ஸ்டேடியத்துக்கு வெளிய ஒண்ணாக் கூடி நியாயம் கேட்டாங்க. பச்சை மெரூன் சட்டைக்காரன் தோள் மேல செகப்பு மஞ்சள் சட்டைக்காரன் ஏறி நின்னு கோஷம் போட்டான். போலீஸ் தடியடிக்கு ரெண்டு நிறமும் ஒண்ணுதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. தோள் குடுக்கறதுக்கும் பங்காளிதான் வரோணும் கண்ணு, எட்டு மைல்காரன் வரமாட்டான்.

ஆக, உன் ஆபீஸ் சால்ட் லேக்லங்கறே, ஸ்டேடியமும் அதே சால்ட் லேக். தப்பிக்க வழியில்லை. டெர்பி வந்தா போய்ப் பாரு. டிக்கெட்டு வாங்கும்போது எந்தக் கேலரின்னு ரெண்டு தடவை பார்த்துக்கோ. வீட்டுக்காரர் எந்தக் கட்சின்னு தெரிஞ்சுக்காம அட்வான்ஸ் குடுக்காதே. அவரு கட்சி தோத்த வாரத்துல தண்ணிக் கொழாய் ரிப்பேர்னு போய் நிக்காதே. பந்தயம் கட்டாதே, கட்டினா தெய்வம்கூட உன்னைக் காப்பாத்தாது.

சட்டையை மட்டும் யோசிச்சுப் போடு. பச்சை ஆகாது, மெரூன் ஆகாது, செகப்பு ஆகாது, மஞ்சள் ஆகாது. கருப்பு வெள்ளை போடலாம்னா, மொகமதன் ஸ்போர்ட்டிங்னு மூணாவது கிளப் ஒண்ணு இருக்கு, அவங்க நிறம் அது. நீலச் சட்டை ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ. கேட்டா சென்னையின் எஃப்.சி.ன்னு சொல்லு. ரெண்டு கட்சியும் உன்னை அடிக்காது. பாவம்னு டீ வாங்கிக் குடுப்பாங்க.