ஆசே கலோர் ஆசாமி

மாலகாவில் மின்ரயில் ஏறி ஃபுவென்ஹிரோலாவில் இறங்கினால், கடற்கரைக் காபிக் கடைகளில் ஒன்றிலாவது இவர் உட்கார்ந்திருப்பார். இங்கிலாந்தில் உழைத்து ஓய்வு பெற்று, மீதி ஆயுளை வெயிலில் கழிக்க ஸ்பெயினுக்கு வந்தவர். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. ஸ்பானிய மொழியில் அவர் படித்தது வானிலை ஒன்றுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஆள் வினைச்சொல் வாலை மாற்றிக்கொள்கிற மொழி அது. வானிலைக்கு அந்தத் தொல்லையே கிடையாது, எழுவாய் கேட்பதில்லை. வெயிலா, 'ஆசே கலோர்'. குளிரா, 'ஆசே ஃப்ரியோ'. மழையா, 'யுவேவே'. இந்த மூன்றை வைத்து ஓர் ஊரையே சமாளித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னாலும் முதலில் வெளியே வருவது 'ஆசே கலோர்'தான்.

பதில் வரும்போதுதான் வில்லங்கம். இந்தப் பக்கத்து அந்தலூசியாக்காரர்கள் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். பழக்கடை அம்மாள் விசிறிக்கொண்டே, "ஓசூ, கே கலோ!" என்றார். இவர் விரலை உயர்த்தி, "கலோர்... ர்" என்று திருத்தினார். அம்மாள் தராசிலிருந்த முலாம்பழத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழத்தை மட்டும் பையில் போட்டார்.

மலைப்பக்கமிருந்து 'தெர்ரால்' காற்று அனலாய் இறங்கும் நாளில் ஊரே சன்னல்களை மூடிக்கொண்டு இருட்டில் கிடக்கும். இவர் மட்டும் தொப்பியோடு தெருவில் ஆள் தேடி அலைவார். 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்து லா ராம்ப்லாவில் 47.6 டிகிரி பதிவானதைத் தானே அடுப்பு மூட்டியதுபோல் பெருமையாகச் சொல்ல வேண்டுமே! கேட்க நாதியில்லாமல் போனால் கடலில் இறங்குவார். தெர்ரால் மேல்நீரை உள்ளே தள்ளிவிட்டு அடியிலுள்ள குளிர்ந்த நீரைக் கரைக்குக் கொண்டுவரும் என்பது நோட்டில் இல்லை. அப்போது அவர் வாயிலிருந்து வருவது சுத்தமான ஆங்கிலம். அச்சேற்ற முடியாது.

நோட்டில் மழைக்கு மட்டும் இரண்டு பக்கம். மாலகாக் கோடையில் மழைக்கு எங்கே போவது? அதற்காகவே வடமேற்கே, சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் போனார். விடுதி வாசலில் நனைந்தபடி நின்று, "யுவேவே!" என்றார். வரவேற்பறைப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். "இதுவா? இது ஓர்பாயோ" என்றாள். தூறலையெல்லாம் கலீசியாக்காரர்கள் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவர் ராஜாவாக இருப்பது லிஃப்டில்தான். அங்கே ஸ்பானியர்களும் வானிலைதான் பேசுவார்கள். மூன்று மாடி ஏறுவதற்கு அவர் கையிருப்பு சரியாகப் போதும். போன ஜூலையில் ஒருநாள் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு மேல் நகர மறுத்துவிட்டது. உள்ளே இவரும் எதிர்வீட்டுக்காரரும். வெயில் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. காற்று, மேகம், மழை எல்லாம் ஆயிற்று. இவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நியேவா" என்றார்.

பனி கொட்டுகிறதாம். எதிர்வீட்டுக்காரர் அபாய மணியை மறுபடி அழுத்தினார்.